பேக்கிங் மேல் மட்டும்தான் குற்றமா?

"பேக்கிங் போயிருக்கும் சார்."

பழைய வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று சொன்னால் போதும். சில பட்டறைகளில் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள், இந்த வாக்கியம் வந்துவிடும். ஆயில் சேம்பரைக் கழற்றுவார்கள், புது பேக்கிங் போடுவார்கள், முன்னைவிட இறுக்கி முறுக்குவார்கள். பத்து நாளில் மறுபடி சொட்டும்.

நான் மெக்கானிக் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2008-ல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. பணியில் இருந்தபோது பில்களில் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, கீழக்குயில்குடியில் பக்கத்து வீட்டு அம்பாசடர் காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

முதலில் ஆயில் சேம்பர் என்றால் என்ன என்று, தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடியில் பெரிய தட்டு மாதிரி மாட்டியிருக்கும் தகரப் பெட்டிதான் அது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் ஏறத்தாழ நாலு லிட்டர் எண்ணெய் அதில் தங்கும். உள்ளே இருக்கும் பம்பு அந்த எண்ணெயை வலை வழியாக உறிஞ்சி பேரிங்குகளுக்கு அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் வழிந்து மறுபடி சேம்பருக்கே வந்து சேரும். மேலே இருக்கும் எஞ்சின் பிளாக் கனமான வார்ப்பிரும்பு. கீழே இருக்கும் சேம்பர் மெல்லிய தகடு. இந்த இரண்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் தக்கைப் பட்டைக்குத்தான் பேக்கிங் என்று பெயர்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் எங்கள் படிப்பு பிரெஞ்சிலேயேதான் தொடர்ந்தது. பிற்பாடு மதுரையில் தாய்மாமா வீட்டில் தங்கி அரசு வேலைக்கு வந்தேன். பள்ளியில் தமிழ்வழி படிக்காததால் தமிழ் மொழித் தேர்வு எழுதிப் பாஸ் செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் 'கோப்பு', 'நிலுவை', 'ஒப்பளிப்பு' எல்லாம் எனக்குப் புதுச் சொற்கள். பரீட்சைக்குப் பையன் மாதிரி மனப்பாடம் செய்தேன்.

புதுச்சேரியில் எங்கள் தெரு முனையில் ஒரு கார் பட்டறை இருந்தது. பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் பெஜோ, சிம்கா கார்கள் அங்கே நிற்கும். அந்த மேஸ்திரி ஆயில் சேம்பரை 'கார்த்தெர்' என்பார். பேக்கிங்கை 'ழ்வேன்' என்பார். பிரெஞ்சில் ழ்வேன் என்றால் பேக்கிங்கும்தான், இரண்டு பொருள் சந்திக்கும் மூட்டும்தான். மரச்சாமான் இணைப்பையும் அதே சொல்லால் சொல்வார்கள். சின்ன வயதில் காதில் விழுந்த இந்தச் சொல் பின்னால் எனக்கு உதவியது. பேக்கிங் என்றால் ஓட்டையை அடைக்கும் பொருள் என்று நினைக்கத் தோன்றும். ழ்வேன் என்றால் இரண்டு முகங்கள் சேரும் இடம். நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, மேல் முகத்தையும் கீழ் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி அலுவலகக் கதை. எந்த அலுவலகம், எந்தத் துறை என்பது வேண்டாம். 1980-களில் வாகனக் கோப்புகள் சில காலம் என் மேசையில் இருந்தன. ஒரு ஜீப்புக்கு 'ஆயில் சேம்பர் பேக்கிங் மாற்றிய வகையில்' என்று பில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றரை வருடத்தில் ஐந்து பில். இதற்கிடையில் ஓட்டுநருக்கு ஒரு மெமோ போனது. வண்டிக்கு எண்ணெய் அதிகம் வாங்கப்படுகிறது, அவர் வெளியே விற்கிறாரா என்று விளக்கம் கேட்டு. மனிதர் ஆடிப்போய்விட்டார். ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் திருட்டுப் பட்டம்.

லாக் புத்தகம் என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு தாளில் ஐந்து பத்தி கோடு போட்டேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய், பேக்கிங் மாற்றிய நாள், அன்று வண்டி ஓட்டியவர் பெயர். எழுதி முடித்ததும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, பேக்கிங் மாற்றிய பிறகும் எண்ணெய்ச் செலவு குறையவே இல்லை. இரண்டு, இந்த ஓட்டுநர் விடுப்பில் போய் வேறொருவர் ஓட்டிய நாட்களிலும் கிலோமீட்டருக்கு அதே அளவு எண்ணெய்தான் செலவாகியிருந்தது. அப்படியென்றால் எண்ணெயைக் குடித்தது மனிதன் இல்லை, வண்டி. அதுவும் பேக்கிங் வழியாக மட்டும் இல்லை.

குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். அதிகாரி ஓரத்தில் பென்சிலால் 'பேசுக' என்று எழுதினார். போய்ப் பேசினேன். தாளை இரண்டு முறை பார்த்தார். மெமோ அதோடு நின்றது. பில்கள் நிற்கவில்லை, ஜீப் கழிவு செய்யப்படும் வரை வந்துகொண்டே இருந்தன. ஆனால் ஓட்டுநர் மகளின் கல்யாணத்துக்கு நான் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

அடுத்தது பக்கத்து வீட்டு அண்ணன் கதை. சமணர் மலையைப் பார்த்தபடி வீடு கட்டிக்கொண்டு நாங்கள் இங்கே குடிவந்தபோது அவர்தான் முதலில் வந்து பேசியவர். 1986 மாடல் அம்பாசடர், மார்க் 4, டாக்சி. மதுரைக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஊர் எங்களுடையது. பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு சமணச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள், அடிவாரத்தில் அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்கள், பிரசவ அவசரம், கல்யாண வீடு, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் ஓடியது.

2009-ல் எஞ்சின் வேலை செய்தார். ரீபோர், புது ரிங்ஸ், பேரிங் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம். வண்டி வீட்டுக்கு வந்து முந்நூறு கிலோமீட்டர் ஓடவில்லை, வாசலில் எண்ணெய்க் குளம். வேலை செய்த பட்டறையில் பேக்கிங் மாற்றினார்கள். மறுபடி சொட்டியது. மறுபடி மாற்றினார்கள். மூன்றாம் முறை மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் பசையை அப்பி, இனியும் சொட்டினால் எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும், இன்னும் பத்தாயிரம் ஆகும் என்றார்கள். எஃப்.சி. எடுக்க ஐந்து வாரம் இருந்தது.

"காயலான் கடையில போட்டுட்டு எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேன் சார்" என்றார் ஒரு நாள் மாலை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். "அண்ணே, ஒரு வாரம் எதுவும் செய்யாதீங்க. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு எண்ணெய், எழுதிட்டே வாங்க" என்றேன். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவில் எஞ்சினுக்கு அடியில் விரித்தோம். முன் சக்கரம் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துவிட்டால், காலையில் கறை எந்தப் பாகத்துக்கு நேர் கீழே விழுந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரத்தில் 210 கிலோமீட்டர். 600 மில்லி ஊற்றியிருந்தார். அட்டையில் இரண்டே கறை. எஞ்சினின் இடது பக்க நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. பின்னால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே இன்னொன்று. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. முன்பக்கமும் அப்படியே.

அந்த அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் மதுரையில் ஒரு பாயிடம் போனோம். எழுபதைத் தாண்டியவர். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்பாசடர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோப்பார் என்று பெயர். அட்டையைத் தரையில் விரித்துக் காட்டினேன். நோட்டையும் கொடுத்தேன்.

"மூணு தடவ பேக்கிங் மாத்துனாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

"ஒரே ஆளை மூணு தடவ உள்ள போட்டும் திருட்டு நிக்கலன்னா, திருடன் வேற ஆளு சார்."

பிறகு அவர் சொன்ன பாடம் இது. சேம்பரில் கிடக்கும் எண்ணெய்க்கு அழுத்தம் கிடையாது, குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். அழுத்தமெல்லாம் பம்புக்குப் பிறகு, பேரிங்குக்குப் போகும் பாதையில்தான். ஆகவே சேம்பர் பேக்கிங் மட்டும் கெட்டால் பெரும்பாலும் மெதுவாகத்தான் கசியும். ஆனால் சேம்பர் எஞ்சினின் அடிமட்டத்தில் இருக்கிறது. மேலே வால்வு மூடியில் கசிந்தாலும், பக்கத்து மூடியில் கசிந்தாலும், எண்ணெய் வழிந்து சேம்பர் விளிம்புக்கு வந்துதான் சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். சொட்டும் இடத்தைப் பார்த்துக் குற்றம் சாட்டினால் அகப்படுவது எப்போதும் சேம்பர்தான்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசை எஞ்சின். எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரிலும் 1955-ல் இதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான் வந்தது. நம் ஊர் டாக்சிக்கு அப்படி ஒரு ஜமீன் உறவு! இந்த எஞ்சினின் இடது பக்கத்தில், சைலன்சர் குழாய் கிளம்பும் இடத்துக்குக் கீழே, டேப்பெட் மூடிகள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். அதற்கும் தக்கைதான் பேக்கிங். மேலே சூடு, அதனால் தக்கை காய்ந்து கல்லாகிவிடும். கசிகிறதே என்று நடு போல்ட்டை முறுக்கினால் தகரம் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு அதிகமாகும். முன்பக்கத்து மூடியிலிருந்துதான் எஞ்சினின் மூச்சுக்குழாயும் கிளம்புகிறது.

பின்னால் விழுந்த கறைக்குக் காரணம் வேறு. இந்த எஞ்சினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே எதிர்ப்பக்கமாக மரை வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திருகி உள்ளே அனுப்பும். ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் எஞ்சினுக்குள் காற்றின் அழுத்தம் ஏறினால் இந்த மரையால் எதிர்த்து நிற்க முடியாது. அங்கே கசியும் எண்ணெய் கிளட்ச் கூட்டுக்குள் விழுந்து, அடியிலுள்ள துளை வழியாகச் சொட்டும். அந்தத் துளையில் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும், அழுக்கு அடைக்காமல் இருக்க. அந்தப் பின்னில் எண்ணெய் தொங்கினால் சேம்பர் பேக்கிங்கை நூறு தடவை மாற்றினாலும் பிரயோசனம் இல்லை.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? பிஸ்டனுக்கு மேலே எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வந்துகொண்டேதான் இருக்கும். புது ரிங் போட்ட எஞ்சினில், ரிங் சிலிண்டரோடு படியும் வரை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். அது வெளியே போகத்தான் மூச்சுக்குழாய். அது அடைத்தால் வாயு எங்கே போகும்? கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

பாய் சொன்னபடி வீட்டுக்கு வந்து சோதித்தோம். எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்து, ஒரு நாள் முழுக்க நன்றாகக் காயவிட்டோம். ஈரம் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் தீப்பிடிக்கும், கவனம். காய்ந்த பிறகு அண்ணியின் முகப் பவுடரை வாங்கி இடது பக்கம் முழுக்கத் தூவினோம். பேரன் வந்து, "தாத்தா, காருக்கு மேக்கப்பா?" என்றான். இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று தெளிவாக இறங்கியிருந்தது. ஆரம்பம் முன்பக்கத்து டேப்பெட் மூடியின் கீழ் ஓரம். முடிவு சேம்பர் விளிம்பு. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது. மூச்சுக்குழாயைக் கழற்றினால் உள்ளே இருந்த கம்பி வலை கறுப்பு அல்வாவால் அடைத்துக் கிடந்தது. 28,000 ரூபாய் எஞ்சின் வேலையில் அந்தக் குழாயை மட்டும் யாரும் தொடவே இல்லை.

பாய் ஒரு கட்டளை போட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. முதலில் மூச்சுக்குழாயை மட்டும் சுத்தம் செய்தோம். செலவு அரை லிட்டர் மண்ணெண்ணெய். அடுத்த வாரம் 190 கிலோமீட்டருக்கு 200 மில்லிதான் ஊற்ற வேண்டி வந்தது. பின்பக்கக் கறை கிட்டத்தட்ட காணாமல் போனது. இடது பக்கக் கறை பாதியானது. அண்ணன் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மிச்சம் இருந்தது டேப்பெட் மூடியும் சேம்பரும். சேம்பர் ஆரம்பத்தில் நிரபராதிதான். ஆனால் மூன்று முறை கழற்றி முறுக்கியதில் அதுவும் கெட்டிருந்தது. பாய் பட்டறையில் கழற்றிக் கவிழ்த்து இரும்பு ஸ்கேலை விளிம்பில் வைத்தார். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேட்டு மாதிரி எழும்பி நின்றது. அப்படி இருந்தால் துளைக்குப் பக்கத்தில் தக்கை நசுங்கும், இரண்டு துளைக்கு நடுவில் பிடிப்பே இருக்காது. உள்ளே எண்ணெய் உறிஞ்சும் வலையில் சிலிக்கான் துணுக்குகள் வேறு ஒட்டிக்கொண்டிருந்தன. பாய் அதைக் கிள்ளி எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தார்.

"சொட்டுனா வாசல்தான்ணே அழுக்காகும். இது வலைய அடைச்சா பேரிங் போயிரும். நடு ரோட்டுல எஞ்சின் பிடிச்சுக்கும்."

அன்று அவர் செய்ததை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். அப்படியே தருகிறேன்.

ஒன்று. பழைய தக்கை, பசை எல்லாவற்றையும் சுரண்டி, பிளாக்கின் அடிமுகத்தையும் சேம்பர் விளிம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். கடைசியில் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, விரல் வைத்தால் வழவழப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு. மட்டமான இரும்புக் கட்டையின் மேல் விளிம்பை வைத்து, துளையைச் சுற்றி எழும்பிய மேட்டைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறக்க வேண்டும். ஸ்கேல் வைத்தால் கீழே வெளிச்சம் தெரியக் கூடாது. அந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

மூன்று. கடையில் வெகுநாள் தொங்கிய தக்கை மதுரை வெயிலுக்குக் காய்ந்து சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் கிழியும். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும், ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடலாம்.

நான்கு. பக்கங்களுக்கு இரண்டு நீளப் பட்டை. முன்னும் பின்னும் பேரிங் மூடியின் வளைவில் இரண்டு தடித்த தக்கைத் துண்டு. இந்த வளைவுத் துண்டின் நுனியை விளிம்போடு மட்டமாக வெட்டிவிடக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் போல மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சேம்பர் ஏறும்போது அது நசுங்கி மூலையை அடைக்கும். நீளப் பட்டையும் வளைவுத் துண்டும் சந்திக்கும் நாலு மூலையில் மட்டும் ஒரு பயறு அளவு பசை. மற்ற இடத்தில் பட்டை நகராமல் இருக்க ஒரு பக்கம் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான்.

ஐந்து. எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஏற்ற வேண்டும். பிறகு நடுவில் ஆரம்பித்து, வலம் இடம் மாறி மாறி, வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். இந்த எஞ்சின் குடும்பத்து எம்.ஜி.பி. காரின் கையேட்டில் சேம்பர் போல்ட்டுக்குச் சொல்லியிருக்கும் முறுக்கு 6 அடி-பவுண்டுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை அடி ஸ்பேனரின் நுனியில் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ இழுப்பு. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலம்கூட வேண்டாம். தக்கை வெளியே பிதுங்கினால் அது கூடுதல். பாய் மணிக்கட்டால் மட்டுமே முறுக்கினார், தோள் அசையவில்லை.

ஆறு. ஓர் இரவு அப்படியே விட்டு மறுநாள் எண்ணெய் ஊற்ற வேண்டும். சில நாள் ஓடிச் சூடு கண்ட பிறகு ஒரு தடவை போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்கலாம். தளர்ந்ததை மட்டும் பிடித்துவிட வேண்டும். தினமும் ஸ்பேனரோடு படுக்கக் கூடாது.

டேப்பெட் மூடிகளின் குழிவையும் தட்டிச் சரிசெய்து புதுத் தக்கை போட்டார். கூலி என்று அவர் கேட்டது 600 ரூபாய். நோட்டை ஒரு வாரம் தன்னிடம் வைத்துக்கொண்டு மகனுக்கும் அங்கே வேலை பழகிய பையனுக்கும் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் அதற்கு 'லியேழ்' என்று பெயர். போர்ச்சுகல் நாட்டில்தான் அதிகம் விளைகிறது. ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரம் நட்டு ஏறத்தாழ 25 வருடம் கழித்துத்தான் முதல் பட்டை. அதன் பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒரு முறைதான் உரிக்க விடுவார்கள். மரத்தை வெட்டுவதில்லை. உள்ளே காற்று நிரம்பிய சின்னச் சின்ன அறைகள் இருப்பதால், அமுக்கினால் பக்கத்தில் பரவாமல் உள்ளுக்குள்ளேயே அடங்கும், விட்டால் திரும்ப எழும்பப் பார்க்கும். அந்தத் திரும்ப எழும்பும் குணத்தினால்தான் எண்ணெய் நிற்கிறது. அளவுக்கு மேல் நசுக்கினால் அந்த அறைகள் உடைந்துபோகும். பிறகு அது வெறும் பட்டை. ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பொருளை ஒன்பது நொடியில் நசுக்குகிறோம்.

சேம்பர் வேலை முடிந்த முதல் வாரம் அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இரண்டு புள்ளி. அதற்கு மேல் குறையவில்லை. பின்பக்கத்து மரை அவ்வளவுதான் தாங்கும், அந்தக் காலத்து எஞ்சின் அப்படி என்றார் பாய். 230 கிலோமீட்டருக்கு ஊற்றிய எண்ணெய் ஏறத்தாழ ஒன்றுமில்லை. எஃப்.சி. முதல் தடவையே கிடைத்தது. சங்கிலியை மீட்க அடுத்த சித்திரை வரை ஆனது. மீட்ட அன்று அண்ணி எங்கள் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்.

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அண்ணனிடம் பேப்பரைக் காட்டினேன். "அங்க நிறுத்துனா நிறுத்தட்டும் சார், நம்ம வண்டி ஓடுதுல்ல" என்றார். இன்னும் மூன்று வருடம் ஓட்டினார். கடைசியில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய முழங்கால்தான் கிளட்ச் மிதிக்க மறுத்தது. பிரெஞ்சில் ழ்வேன் என்று நான் சொன்னேனே, அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் தக்கை கிடைக்கவில்லை.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து வண்டியை வாங்கிப் போனார். பழைய கார் மேல் ஆசை உள்ளவர். ஆர்.சி. புத்தகம், சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு அண்ணன் உள்ளே போய் அந்த நோட்டையும் எடுத்து வந்தார். எட்டு வருடக் கணக்கு. நாற்பது பக்கம் போதாமல் இன்னும் இரண்டு நோட்டு சேர்த்துத் தைத்திருந்தார்.

"எண்ணெய் சொட்டுனா பேக்கிங்க மாத்தாதீங்க தம்பி. மொதல்ல இதுல எழுதுங்க" என்றார்.